மனை வாங்கும் முன் இணையத்தில் தேடுவது எப்படி: 1,499 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

போன வருஷம் திருச்சிக்குப் பக்கத்தில் 2,400 சதுர அடி மனை ஒன்று பார்த்தேன். விலை 14 லட்சம். புரோக்கர் தன்மையாகப் பேசினார், விற்பவரும் அப்படித்தான். "எதுக்கும் ஈ.சி. போட்டுப் பாரும்மா" என்றார் சித்தப்பா. ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று, அந்த நிலத்தின் மேல் என்னென்ன பத்திரம், அடமானம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் பட்டியல். போனை எடுத்து 'ஈ.சி. ஆன்லைன் டவுன்லோட்' என்று தட்டினேன். முதலில் வந்த தளத்தில் கோபுரப் படம், மூவர்ணக் கோடு, பெரிய பச்சைப் பொத்தான் எல்லாம் இருந்தன. சர்வே எண்ணைக் கேட்டது. அப்புறம் 1,499 ரூபாய் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு பி.டி.எப். வந்தது. பதிவுத்துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய அதே சான்றுதான். அதிலும் 'பரிவர்த்தனை எதுவும் இல்லை' என்று இருந்தது. வில்லங்கமே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதை 6-ம் படியில் சொல்கிறேன்.

இது மனை வாங்குவதற்கான முழு வழிகாட்டி இல்லை. அதற்கு வக்கீல் இருக்கிறார். வாங்கும் முன் நாமே இணையத்தில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதை ஏமாறாமல் தேடுவது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். பாஸ்போர்ட், வாரிசுச் சான்று, கல்வி உதவித்தொகை என்று எதைத் தேடினாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. போனைத் தொடும் முன் ஒரு தாள் எடுங்கள்

வெறும் கையோடு தேட உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போகும், ஒன்றும் கிடைக்காது. விற்பவரிடம் கிரையப் பத்திரத்தின் ஜெராக்ஸ், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தின் ஜெராக்ஸ், பட்டா நகல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 'அட்வான்ஸ் கொடுத்தால்தான் தருவேன்' என்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டாம்.

அவற்றிலிருந்து தாளில் எழுத வேண்டியவை: மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமத்தின் பெயர், புல எண்ணும் (சர்வே எண்தான்) உட்பிரிவும், பட்டா எண், பத்திர எண்ணும் வருடமும், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்பது. கிராமத்தின் பெயரில் கவனம் வேண்டும். நாம் பஸ்ஸில் சொல்லும் ஊர்ப்பெயர் வேறு, வருவாய்க் கணக்கில் உள்ள பெயர் வேறாக இருக்கலாம். என் மனை இருக்கும் நகருக்கு ஒரு தலைவர் பெயர். பத்திரத்தில் இருப்பதோ நான் அதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு கிராமப் பெயர். நகர்ப் பெயரை வைத்துத் தேடிய முதல் மாலை முழுக்க வீண்.

தாளின் கீழே உங்கள் கேள்விகளை எழுதுங்கள். 'இந்த மனை நல்லதா?' என்பதற்கு எந்தத் தேடுபொறியும் பதில் தராது. 'இந்தப் புல எண்ணில் கடந்த 30 வருடத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது?', 'கிரையத்துக்கு இன்றைய தேதியில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் எத்தனை சதவீதம்?', 'இந்த மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா?' என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் பொறுப்புள்ள ஒரு அலுவலகம் இருப்பது தெரியும். அந்த அலுவலகத்தின் பக்கத்துக்குப் போய்ச் சேருவதுதான் வேலை. நடுவில் வரும் மற்றவை எல்லாம் வழி கேட்க மட்டும்.

2. நாம் பேசும் சொல்லை விட்டு ஆபீஸ் சொல்லில் தேடுங்கள்

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பத்திர எழுத்தர். 'லேண்ட் ரிஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்' என்று தேடினால் கடன் தரும் நிறுவனங்கள், மனை விற்கும் தளங்கள், யூடியூப் எல்லாம் வரிசை கட்டி வரும். 'முத்திரைத் தீர்வை பதிவுக் கட்டணம் கிரையம்' என்று தட்டிப் பாருங்கள். துறையின் பக்கங்களும் நாளிதழ்ச் செய்திகளும் மேலே ஏறி வரும். அரசு ஊழியர் தன் கோப்பில் எழுதும் சொல்தானே அரசுப் பக்கத்திலும் இருக்கும்?

ஈ.சி. என்பதை வில்லங்கச் சான்று என்றும், கைடுலைன் வேல்யூ (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) என்பதை வழிகாட்டி மதிப்பு என்றும், அப்ரூவ்டு என்பதை மனைப்பிரிவு அங்கீகாரம் என்றும், எப்.எம்.பி.யை (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) புலப்படம் என்றும் மாற்றித் தேடுங்கள். எழுத்துக்கூட்டலும் படுத்தும். கிரயம் என்றும் எழுதுகிறார்கள், கிரையம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் தேடுங்கள். கடைசியாக அதே சொல்லை ஆங்கிலத்திலும் ஒரு முறை. தமிழ்நாட்டு அரசின் பல பக்கங்களில் தமிழ் வடிவம் ஒல்லியாகவும் ஆங்கில வடிவம் முழுசாகவும் இருக்கும். வருத்தமான விஷயம்தான், என்ன செய்ய.

இன்னொரு சிக்கல் உண்டு. பழைய அரசாணைகளில் பல, தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய படங்கள். சில யூனிகோடுக்கு முந்தைய வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. மனிதக் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. அதனால் உள்ளே இருக்கும் வாசகத்தை வைத்துத் தேடினால் அவை அகப்படாது. யாராவது அரசாணை எண், நாள், துறை மூன்றையும் குறிப்பிட்டிருந்தால் அதைக் கொண்டு துறையின் அரசாணைப் பட்டியலில் போய்ப் பாருங்கள்.

3. முகவரியை வாசிக்கப் பழகுங்கள்

நான் 1,499 ரூபாயைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். தேடல் முடிவுகளின் உச்சியில் வருபவற்றில் சில காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அரசு அலுவலகம் தன் இலவச சேவைக்கு அப்படி விளம்பரம் தருவது அபூர்வம். அதனால் அரசு சேவையைத் தேடும்போது அந்தச் சொல் இருந்தால் தொடாமல் கீழே இறங்குங்கள்.

அடுத்தது முகவரி. முகப்பில் இருக்கும் கோபுரத்தையும் சிங்கமுகத்தையும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முகவரியின் வாலை ஒட்ட முடியாது. 'டாட் ஜி.ஓ.வி. டாட் இன்', 'டாட் என்.ஐ.சி. டாட் இன்' என்று முடிபவை அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைப்பவை. வெறும் 'டாட் இன்', 'டாட் ஓ.ஆர்.ஜி.', 'டாட் காம்' எல்லாம் கடையில் வாங்குகிற மாதிரி யாரும் வாங்கலாம்.

எங்கே பார்ப்பது? முகவரியில் முதல் சாய்கோடு வருகிறதல்லவா, அதற்கு ஒட்டி முன்னால். அங்கே ஜி.ஓ.வி. டாட் இன் இருக்க வேண்டும். முகவரியின் தொடக்கத்திலோ சாய்கோட்டுக்குப் பின்னாலோ ஜி.ஓ.வி. என்று வந்தால் அது கணக்கில் சேராது. புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு போட்டு 'ஏதோ ஒன்று ஹைபன் ஜி.ஓ.வி. டாட் இன்' என்று வந்தாலும் சேராது. போனில் முகவரி பாதி மறைந்திருக்கும், தொட்டால் முழுசாகத் தெரியும். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்று இல்லை.

மனைக்குத் தேவையான முக்கியத் தளங்கள் இரண்டு. பத்திரம், வில்லங்கம், வழிகாட்டி மதிப்புக்குப் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட். பட்டா, சிட்டா, அ-பதிவேடு (இவை வருவாய்த் துறையின் நிலக் கணக்குகள்), புலப்படத்துக்கு 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற பெயரில் வருவாய்த் துறை நடத்தும் இ-சேவைத் தளம். ஒரு முறை சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததும் புக்மார்க் போட்டு வையுங்கள். ஒவ்வொரு தடவையும் தேடிப் போனால் ஒவ்வொரு தடவையும் விளம்பரத்தில் விழ வாய்ப்பு.

4. தேடலைச் சுருக்கும் நான்கு குறிகள்

இவை பத்து நிமிஷ வேலை, ஆனால் பலருக்குத் தெரியாது.

ஒரு தொடர் அப்படியே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் தளத்தின் முகவரி. முழு முகவரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் இன்' என்று மட்டும் கொடுத்தால் அந்த வாலோடு முடியும் மாநில அரசுப் பக்கங்களுக்குள் மட்டும் தேடும். இதை மட்டும் கற்றுக்கொண்டாலே போதும் என்பேன். நான்காவது, 'பைல்டைப்' என்று தட்டி முக்காற்புள்ளி வைத்து பி.டி.எப். என்று கொடுப்பது. சுற்றறிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள் பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கும்.

5. தேதியைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள்

பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்று தேடினேன். ஒரு பக்கம் 8 சதவீதம் என்றது. இன்னொன்று 11. மூன்றாவது 9. நான்காவது பக்கத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம் என்று இருந்தது. புரோக்கர், "பதினொன்னு ஆகும் மேடம், ரெடியா வெச்சுக்குங்க" என்றார்.

என் 14 லட்சத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் 1,12,000. 9 என்றால் 1,26,000. 11 என்றால் 1,54,000. புரோக்கர் சொன்னதற்கும் உண்மைக்கும் 28,000 ரூபாய் வித்தியாசம்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. கிரையத்துக்குத் தீர்வை மொத்தம் 7 சதவீதம். அதிலேயே முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை 2 என்று பிரிவு உண்டு. முதலாவதை மட்டும் எழுதியவர் 5 என்று நிறுத்திவிட்டார். இதோடு சேரும் பதிவுக் கட்டணம் 2017 ஜூன் வரை 1 சதவீதம். அப்போது 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலையொட்டி 2 ஆகக் குறைத்தார்கள். ஆக 8, 11, 9 மூன்றும் அந்தந்தக் காலத்தில் சரி. பழைய பக்கத்தை இணையத்திலிருந்து யாரும் கழற்றுவதில்லை, அவ்வளவுதான். புரோக்கர் பழைய ஞாபகத்தில் சொன்னாரா, இல்லை இடையில் கொஞ்சம் ஒதுக்கப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

தேதியை எப்படிப் பார்ப்பது? தேடல் முடிவுகளுக்கு மேலே உள்ள 'டூல்ஸ்' என்பதைத் தொட்டு 'கடந்த ஒரு வருடம்' என்று மாற்றலாம். அதோடு விட்டுவிடாதீர்கள். சில தளங்கள் வருஷா வருஷம் தலைப்பில் உள்ள ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய கஞ்சியையே வைத்திருக்கும். தலைப்பில் 2025, உள்ளே 11 சதவீதம் என்று ஒரு பக்கத்தை நானே பார்த்தேன். அதனால் 'எந்தத் தேதியிலிருந்து அமல்' என்று கட்டுரைக்குள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பக்கத்தை மூடிவிடுங்கள்.

தலைப்புச் செய்தியோடு நிறுத்துவதும் ஆபத்து. 'பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு' என்று படித்துவிட்டு 14,000 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தச் சலுகை உண்மைதான். ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். அது மூன்றாவது பத்தியில் இருந்தது. நான் மூன்றாவது பத்திக்குப் போகவே இல்லை.

அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டமும் இதே கதை. அதன் அடிப்படை 2016 அக்டோபர் 20 என்ற தேதி. அது மாறவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மட்டும் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு பழைய செய்தி இணையத்தில் கிடக்கிறது. நீங்கள் படிப்பது எத்தனையாவது நீட்டிப்பு என்று பாருங்கள்.

6. 'எதுவும் இல்லை' என்று வந்தால் கேள்வியைச் சந்தேகியுங்கள்

வில்லங்கச் சான்று தேடும் படிவம் இப்படிக் கேட்கும்: மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தொடக்க நாள், முடிவு நாள், கிராமம், புல எண், உட்பிரிவு. கடைசியில் கோணல்மாணலாக நாலு எழுத்தைக் காட்டி அதையே தட்டச் சொல்லும்.

என்னிடமிருந்தது புரோக்கர் கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ள எண். உதாரணத்துக்கு 112/3அ2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத் தளத்துக்காரர்கள் அதை அப்படியே போட்டுத் தேடினார்கள். பரிவர்த்தனை இல்லை என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த உட்பிரிவு பிறந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நிலம் முழுவதும் 112/3 என்ற ஒரே எண்ணில் இருந்தது. தாய்ப்பத்திரத்தில் இருந்த பழைய எண்ணைப் போட்டு நானே தேடியபோது பக்கம் பக்கமாக வந்தது. அதில் 2011-ல் ஒரு அடமானம். அடைத்ததற்கான ரசீது பதிவானதாக எங்கும் இல்லை.

விற்பவரிடம் கேட்டேன். கடனை எப்போதோ அடைத்துவிட்டோம், ரசீதைப் பதிய மறந்துவிட்டோம் என்றார். இருக்கலாம். 'பதிந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்' என்று சொல்லிவிட்டேன். ஆறு வாரம் ஆயிற்று, பதிந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கிரையம்.

ஆகவே வெறுங்கையோடு திரும்பினால் இவற்றை மாற்றிப் பாருங்கள்:

- உட்பிரிவின் பழைய எண். நில உடைமை மேம்பாட்டில் (அரசு நிலக் கணக்குகளைப் புதுப்பித்த திட்டம்) புல எண்ணே மாறியிருந்தால் அந்தப் பழைய எண்ணும்.
- அலுவலகம். பெரிய சார்பதிவகங்களைப் பிரித்துப் புதியவை தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் கிராமம் முன்பு வேறு அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். தாய்ப்பத்திரத்தின் முத்திரையில் உள்ள ஊர்ப்பெயரைப் பாருங்கள்.
- காலம். ஐந்து வருடத்துக்குப் போட்டுவிட்டு சுத்தம் என்று சொல்லக்கூடாது. குறைந்தது 30 வருடம் பாருங்கள்.
- பத்திர எண்ணும் ஆண்டும் வைத்து ஆவணவாரியாகத் தேடுவது. அதே பத்திரம் அதே புல எண்ணோடு வருகிறதா என்று ஒத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் மாற்றியும் ஒன்றும் வரவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள். இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். பதிவானதைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். பதியாத உயில், வெள்ளைத்தாள் ஒப்பந்தம், பங்காளி போட்ட வழக்கு இவையெல்லாம் அதில் வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வழக்குக்கு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டு, அந்த மாவட்ட நீதிமன்றங்களில் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், இல்லாமல்.

7. ஏ.ஐ. பதில், யூடியூப், வாட்ஸ்அப்

இப்போது தேடினால் உச்சியிலேயே ஏ.ஐ. தொகுத்த ஒரு பதில் வருகிறது. வசதிதான். ஆனால் அது படித்த பக்கங்களில் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். நான் ஏ.ஐ. பேச்சுப் பொறி (சாட்பாட்) ஒன்றிடம் பதிவுக் கட்டணம் கேட்டபோது கொஞ்சமும் தயங்காமல் 4 சதவீதம் என்றது. 'எந்தத் தேதி நிலவரம், எந்த அரசாணை?' என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு 2 என்றது. முதலில் ஏன் சொல்லவில்லை என்று அதனிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம். அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்லில் தேட வேண்டும், எந்தத் துறை என்று கேளுங்கள். எண்ணையும் தேதியையும் துறைப் பக்கத்தில் பாருங்கள்.

யூடியூபில் படிவம் நிரப்பிக் காட்டும் காணொளிகள் உண்மையிலேயே உதவும். டி.என்.ரெஜிநெட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வெளியான தேதியைப் பாருங்கள், பின்னூட்டங்களைப் புதியவை முதலாக வரிசைப்படுத்திப் படியுங்கள். 'இப்போ இந்த ஆப்ஷன் இல்லை அண்ணா' என்று யாராவது எழுதியிருப்பார்கள். காணொளி கொடுக்கும் இணைப்பைத் தொடாமல் உங்கள் புக்மார்க்கிலிருந்து போங்கள்.

குடும்பக் குழுவில் வரும் 'பத்திரப்பதிவு நாளை முதல் இரு மடங்கு' வகைச் செய்திகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாள் குறிப்பிடாமல் 'நாளை முதல்' என்று இருந்தாலே நான் திறப்பதில்லை. மாநில அரசு சம்பந்தமானதென்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசு சம்பந்தமானதென்றால் பி.ஐ.பி. ஃபேக்ட் செக்கும் மறுப்பு ஏதும் வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

8. ஒன்றோடு ஒன்றை உரசிப் பாருங்கள்

பத்து தளங்களில் ஒரே தகவல் இருந்தால் அது பத்து சாட்சி ஆகாது. ஒரே பத்தியை ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்திருப்பார்கள். அந்தப் பத்தியிலிருந்து ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள், குட்டு வெளிப்படும். சாட்சி என்றால் வெவ்வேறு அலுவலகத்திலிருந்து வர வேண்டும். மனைக்கு அது பத்திரம் (பதிவுத்துறை), பட்டா (வருவாய்த்துறை), அங்கீகாரம் (நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகரில் அதன் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.).

பட்டா நகலில் உள்ள குறிப்பு எண்ணைக் கொடுத்து அது உண்மையானதா என்று வருவாய்த்துறைத் தளத்திலேயே சரிபார்க்கலாம். பரப்பளவு மட்டும் குழப்பும். பத்திரத்தில் சதுர அடியும் செண்டும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. என் பட்டாவில் 0 ஹெக்டேர் 2.23 ஏர் என்று இருந்தது. பெருக்கினால் 2,400 சதுர அடி. ஒத்துப்போனது.

மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பொதுவாக ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்திருக்க வேண்டும், விளம்பரத்தில் அந்தப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். துண்டுப் பிரசுரத்தில் 'ரெரா அப்ரூவ்டு' என்று எண் இல்லாமல் போட்டிருந்தால் எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைத் தேடி, திட்டத்தின் பெயரும் புல எண்களும் உங்களுடையவையா என்று பாருங்கள். பக்கத்து மனைப்பிரிவின் எண்ணை இதற்குக் காட்டுவதும் நடக்கும்.

9. தேடலில் கிடைத்த போன் எண்ணுக்குப் பேசாதீர்கள்

1,499 ரூபாயைத் திரும்பக் கேட்கலாம் என்று அந்தத் தளத்தின் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணைத் தேடினேன். ஒரு எண் வந்தது, பேசினேன். இனிமையாகப் பேசிய பையன் பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு செயலியை இறக்கச் சொன்னான். நல்லவேளை, பக்கத்தில் இருந்த தம்பி போனைப் பிடுங்கி வைத்தான். நம் போன் திரையை அவர்கள் அங்கிருந்து பார்க்க வைக்கும் செயலி அது.

உதவி எண் வேண்டுமென்றால் அரசுத் தளத்தின் உள்ளே இருந்து எடுங்கள். வங்கி எண் என்றால் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. தேடல் முடிவிலோ வரைபடத்திலோ தெரியும் எண்ணை யார் ஏற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. ஓ.டி.பி. சொல், செயலி இறக்கு, ஒரு ரூபாய் அனுப்பு, இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

10. இணையம் முடியும் இடம்

அரசுத் தளம் காட்டாத விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'இந்தப் புல எண்ணில் மனைப்பிரிவு அங்கீகாரம் வழங்கப்பட்டதா, எந்த நாளில், எண் என்ன?' என்று நறுக்கென்று கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வழவழவென்று வரும்.

மற்றபடி தேடியதை எல்லாம் அச்செடுத்து வக்கீலிடம் கொடுங்கள். எனக்கு ஒப்பீனியனுக்கு (பத்திரங்களைப் பார்த்துச் சொல்லும் சட்டக் கருத்து) 4,000 ரூபாய் வாங்கினார். பழைய உட்பிரிவுக்கும் சேர்த்து நான் எடுத்துவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பாதி வேலை முடிஞ்சிருச்சே" என்றார். கட்டணத்தில் பாதியைக் குறைக்கவில்லை.

செலவும் நேரமும்

வில்லங்க விவரம், பட்டா, வழிகாட்டி மதிப்பு, ரெரா, வழக்கு நிலை எல்லாம் திரையில் பார்க்கக் காசு கிடையாது. சார்பதிவாளரின் சான்றொப்பத்தோடு நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம், அதையும் அதே தளத்துக்குள் கட்டலாம். எனக்கு ஒழுங்காகத் தேடக் கற்றுக்கொண்ட பிறகு ஆன நேரம் இரண்டு மாலை, ஒரு சனிக்கிழமை காலை. பகல் 11 மணிக்கு மேல் தளம் திணறும், ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தால் பறக்கும்.

எடுக்கும் ஒவ்வொரு பி.டி.எப்.பையும் புல எண், நாள் சேர்த்துப் பெயரிட்டு வையுங்கள். 'டவுன்லோட் 17' என்று கிடந்தால் பத்து நாளில் எது எதுவென்று தெரியாது. அப்புறம், பதிவுக்கு முதல் நாள் மாலை வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும்.